கலியம்மா கொல்லை

ஜிஸ்லேன் அம்மாவுக்கு நான்காவது சொந்தக்காரர் கிடைத்தபோது லில்லி இன்னும் காலைக் காபியைக் குடித்து முடிக்கவில்லை.

வாசலில் வந்து நின்றவர் துண்டைத் தோளில் போட்ட ஒரு பெரியவர். பின்னால் அவருடைய மகன், இஸ்திரி போட்ட சட்டையில், பிளாஸ்டிக் ஃபைல் ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான்.

"எங்க பாட்டனுக்கு அக்கா ஒண்ணு கப்பல்ல போயிடுச்சாம்மா. அதும் பேரு கலியம்மாதான். இந்தம்மா மூஞ்சியப் பாரேன், அப்படியே எங்க சின்ன அத்தைய உரிச்சு வெச்சிருக்குது."

லில்லி அந்த முகத்தைப் பார்த்தாள். ஐம்பத்தெட்டு வயது, ஒட்ட வெட்டிய நரைமுடி, கறுத்து அகன்ற முகம். வில்லியனூர் கடைத்தெருவில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். வாயைத் திறந்தால்தான் வெளிநாடு. அந்த முகம் இந்த ஊரில் யாருடைய சின்ன அத்தையாகவும் இருக்கலாம்.

"என்ன சொல்கிறார்?" என்று பிரெஞ்சில் கேட்டார் ஜிஸ்லேன். அதற்குள் கண் கலங்கியிருந்தது.

"நீங்கள் அவருடைய அத்தையைப் போல இருக்கிறீர்களாம்."

ஜிஸ்லேன் எழுந்துபோய்ப் பெரியவரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பெரியவரும் அழுதார். மகன் அந்த நேரம் பார்த்து ஃபைலை லில்லியின் கையில் திணித்தான். "மார்க் ஷீட் எல்லாம் இருக்குது டீச்சர். டிப்ளமோ மெக்கானிக்கல். பிரான்ஸ்ல ஏதாவது பாத்து சொல்லச் சொல்லுங்க."

லில்லிக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

அவள் ஒரு தனியார் பள்ளியில் பிரெஞ்சு ஆசிரியை. மே மாத விடுமுறையில் வீட்டைச் சுத்தம் செய்து, பெட்டி பெட்டியாகக் கிடக்கும் பழைய துணிகளை ஒழித்து, மத்தியானத்தில் ஃபேனுக்குக் கீழே தூங்கலாம் என்று நினைத்திருந்தவளை, புதுச்சேரி டவுனில் இருக்கும் தோழி ஒருத்தி போன் செய்து மாட்டிவிட்டாள். பிரான்சுக்குச் சொந்தமான ரெயூனியோன் தீவிலிருந்து ஓர் அம்மா வந்திருக்கிறார், பூர்வீகம் வில்லியனூர், கூட இருந்து மொழிபெயர்த்தால் போதும், ரெண்டே நாள் என்று சொன்னாள். முதல் நாள் மாலை, டவுன் ஓட்டலில் வெள்ளைக்காரர்களைத் தவிர யாரையும் பார்க்க முடியவில்லை என்று ஜிஸ்லேன் குறைப்பட்டபோது, "வேண்டுமானால் எங்கள் வீட்டில் தங்குங்களேன்" என்றாள் லில்லி. மரியாதைக்குச் சொன்னது. அடுத்த நிமிடமே ஜிஸ்லேன் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஷிப்ட் முடிந்து வந்த கணவன் சார்லஸ், தன் கட்டிலில் ஓர் அந்நியப் பெண்மணி உறங்குவதைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் ஹாலில் பாய் விரித்துப் படுத்தான்.

இதற்கெல்லாம் மேலே கலைவேந்தன். கார் ஓட்டுகிறவன். அவன் பெண் லில்லியின் பள்ளியில்தான் படிக்கிறாள். வண்டி ஓட்டச் சொன்னால் வண்டி மட்டும் ஓட்டத் தெரியாது அவனுக்கு. முதல் நாளே டீக்கடையில் இறங்கி, "கார்ல ஒக்காந்திருக்கறது யாரு தெரியுமா? நம்மூரு கலியம்மா வம்சம். நாலு தலமொறைக்கு முன்னாடி கப்பல்ல போனது" என்று சொல்லிவிட்டான். அதன் பிறகு கேட்க வேண்டுமா?

"கலை, உன்ன யாரு சொல்லச் சொன்னது?"

"தேடறதுன்னு வந்துட்டா நாலு பேருக்குச் சொல்லணும் டீச்சர். ஒளிச்சு வெச்சு தேட முடியுமா?"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனாலேயே எரிச்சல் இன்னும் கூடியது.

பெரியவர் போகும்போது ஒன்று சொன்னார். "நம்பிக்க இல்லன்னா உறுவையாறு போற வழியில பாருங்க. கலியம்மா கொல்லைன்னே ஒரு கொல்ல இருக்குது. பேரு எப்படி வந்துச்சாம்?"

பிரெஞ்சில் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. கலியம்மா என்ற சொல் காதில் விழுந்ததும் ஜிஸ்லேன் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

*

கலியம்மா கொல்லை ரோட்டை ஒட்டிய வெறும் நிலம். கடலை பிடுங்கி நாளாகியிருந்தது. மண் வெடித்துக் கிடந்தது. ஒரு மூலையில் வேப்பமரம், இன்னொரு மூலையில் போர்வெல் குழாய். நடுவே வரிசையாக மஞ்சள் பூசிய கற்கள் நட்டிருந்தார்கள். ரோட்டோரத்தில் பெரிய ஃப்ளெக்ஸ்: 'கீர்த்திகா நகர். வீட்டுமனைகள் விற்பனைக்கு.'

கத்திரி வெயில். ஜிஸ்லேன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கல்லுக்குக் கல் நடந்து, எல்லாவற்றையும் போனில் படம் எடுத்தார். வேப்பமரத்தைத் தொட்டுப் பார்த்தார். அந்த மரத்துக்கு முப்பது வயதுகூட இருக்காது என்று சொல்லலாமா வேண்டாமா என்று லில்லி யோசித்துக்கொண்டிருந்தபோது ஒரு ஸ்கூட்டர் சீறிக்கொண்டு வந்து நின்றது.

வந்தவர் தெய்வசிகாமணி. கடைத்தெருவில் உரக்கடை வைத்திருப்பவர். வெள்ளைச் சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

"யாரும்மா நீங்க? யாரக் கேட்டு உள்ள வந்தீங்க?"

"சும்மா பாக்க வந்தோம் சார். இவங்க ரெயூனியோன்லருந்து வந்திருக்காங்க. இவங்க பாட்டியோட பாட்டி…"

"தெரியும். காலையிலயே சேதி வந்துடுச்சு. வாரிசு வந்திருக்குது, பாகம் கேக்கப் போவுதுன்னு." அவர் பார்வை லில்லியின் கையில் இருந்த பிளாஸ்டிக் ஃபைலில் நின்றது. அவசரத்தில் அதை வீட்டில் வைக்காமல் கொண்டுவந்திருந்தாள். "பத்திரமெல்லாம் எடுத்துக்கினுதான் வந்திருக்கீங்க. வக்கீலா நீங்க? எந்தம்பி அனுப்புனானா?"

"வக்கீல் இல்ல சார். நான் டீச்சர். இது யாரோ ஒரு பையனோட மார்க் ஷீட்."

சொல்லும்போதே அது எவ்வளவு நம்பமுடியாததாக இருக்கிறது என்று அவளுக்கே தெரிந்தது.

"மார்க் ஷீட்டா? யாருகிட்ட கத வுட்றீங்க? டவுன்ல எத்தன வூடு இப்படிப் போச்சு எனக்குத் தெரியாதா? எங்கயோ பிரான்ஸ்லருந்து ஒருத்தன் வருவான், எங்க தாத்தா வூடும்பான், கோர்ட்டுல பத்து வருஷம் ஓடும். ஏற்கெனவே தம்பி போட்ட கேசு இப்பத்தான் முடிஞ்சுது. கல்லு நட்டு ஒரு வாரம் ஆவல. அதுக்குள்ள கப்பல்ல போனவ வந்துட்டாளா?"

"என்ன சொல்கிறார்? உறவினரா?" என்று ஆவலாகக் கேட்டார் ஜிஸ்லேன்.

"இல்லை. நிலத்தில் பங்கு கேட்டு நீங்கள் வழக்குப் போட வந்திருக்கிறீர்களாம்."

ஜிஸ்லேன் சற்று யோசித்துவிட்டு, "ஆனால் அவருக்குக் கலியம்மாளைத் தெரியுமா என்று கேளுங்கள்" என்றார்.

லில்லி கேட்டாள். கேட்டிருக்கவே கூடாது.

"எங்க வம்சத்துல கூலிக்குக் கப்பல் ஏறுன பொம்பள யாரும் கெடையாது!" என்று கத்தினார் தெய்வசிகாமணி. "நாங்க யாவாரக் குடும்பம். அசிங்கப்படுத்தறீங்களா?" கத்திக்கொண்டே போலீசுக்குப் போன் போட்டார். எல்லாரையும் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள்.

காரில் ஏறியதும் லில்லி கலைவேந்தன் பக்கம் திரும்பினாள். "இன்னிக்கு நீ ஒரு வார்த்த பேசுன, அப்படியே எறங்கி பஸ்ல போயிடுவேன்."

அவன் கண்ணாடியில் பார்த்தான். "டீச்சர், ஏசி போடட்டுமா?"

*

காவல் நிலையத்தில் எஸ்.ஐ. இளவரசி என்ற இளம்பெண். தெய்வசிகாமணி சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"திறந்த நெலத்துல போயி நின்னாங்க, போட்டோ எடுத்தாங்க. இதுல இன்னா சார் கேசு?"

"நாளைக்கு வாரிசுன்னு வந்து நின்னா?"

"நாளைக்கு வந்து நிக்கட்டும், பாக்கலாம்." பிறகு லில்லியிடம் திரும்பினார். "இவங்க எங்க மேடம் தங்கியிருக்காங்க?"

"எங்க வீட்லதான்."

"சி ஃபார்ம் போட்டுட்டீங்களா?"

"இன்னா ஃபார்ம்?"

எஸ்.ஐ. பேனாவைக் கீழே வைத்தார். வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஓட்டலானாலும் சரி, வீடானாலும் சரி, தங்கினால் ஒரு நாளைக்குள் ஆன்லைனில் பதிய வேண்டும். டீச்சராக இருக்கிறீர்கள், இதுகூடத் தெரியாதா என்று அவர் கேட்கவில்லை. கேட்காமல் பார்த்ததுதான் லில்லிக்கு அதிகமாகச் சுட்டது.

"பதட்டப்பட வேணாம் மேடம். இப்பவே போடுங்க. முடிச்சுட்டுக் கெளம்பலாம்."

முடியவில்லை. கலைவேந்தனின் போனில் அந்தப் பக்கம் திறந்து, சுற்றிச் சுற்றி நின்றுவிட்டது. லில்லியின் போனில் திறந்தது. பாஸ்போர்ட் படம் பெரிதாக இருக்கிறது என்றது. சிறிதாக்கினால் மங்கலாக இருக்கிறது என்றது. வீட்டு முகவரியைப் போட்டால், முதலில் வீட்டுக்காரர் தன்னைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றது. சார்லஸுக்குப் போன் செய்து அவனுடைய ஆதாரை அனுப்பச் சொன்னாள். அவன் வேலை நேரத்தில் போனை லாக்கரில் வைத்துவிடுகிறவன். ஸ்டேஷன் ரைட்டர் எட்டிப் பார்த்து, "சாயங்காலம் ஆனா நல்லா ஓடும்மா" என்று ஆறுதல் சொன்னார். லில்லி போனை மடியில் கவிழ்த்தாள். யாருடைய பாட்டிக்காக நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்?

நிலையத்து வராந்தாவில் ஒரு நீள பெஞ்சு. அதன் ஒரு முனையில் தெய்வசிகாமணி உட்கார்ந்திருந்தார். ஃபார்ம் போடும்வரை நகரமாட்டேன் என்று அவர் சொல்லியிருந்தார். இன்னொரு முனையில் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண், கையில் ஒரு கயிற்றுத் துண்டோடு. பேர் ருக்குமணி. அவளுடைய ஆட்டை யாரோ பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், கயிற்றை அறுத்த அடையாளம் காட்ட வந்திருந்தாள். நடுவில் லில்லியும் ஜிஸ்லேனும்.

"இந்தம்மாவுக்கு எந்தூரு?" என்று கேட்டாள் ருக்குமணி.

லில்லி சுருக்கமாகச் சொன்னாள். தீவு. அங்கே இவர் பார்க்கிற வேலை. சொல்லும்போதுதான் தனக்கே அந்த வேலையைப் பற்றிச் சரியாகத் தெரியாது என்று உணர்ந்தாள். இரண்டு நாளாக ஓடிக்கொண்டிருந்ததில் கேட்கவே தோன்றவில்லை. ஜிஸ்லேனைக் கேட்டாள்.

ஜிஸ்லேன் நிமிர்ந்து உட்கார்ந்தார். காலையிலிருந்து கைக்குட்டையும் கண்ணீருமாக இருந்தவர் இல்லை இவர். தினமும் நாலு கூட்டத்துக்குச் சொல்லிப் பழகிய குரல் வந்தது.

"எங்கள் தீவில் கடலோரமாக, இரண்டு மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. அங்கேதான் நான் வேலை பார்க்கும் பழைய தனிமைப்படுத்தும் நிலையம், இப்போது அருங்காட்சியகம். கரும்புத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றி வந்த கப்பல்கள் முதலில் அங்கேதான் இறக்கும். ஊருக்குள் விடமாட்டார்கள். காலராவோ அம்மையோ கொண்டுவந்திருப்பார்கள் என்று பயம். நீளமான கல் கட்டடம். ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். சுற்றிலும் மதில். உடுத்தியிருக்கும் துணியைக் கழற்றி வேகவைப்பார்கள். குளிக்க வைப்பார்கள். பிறகு காத்திருக்க வேண்டும். யாருக்காவது காய்ச்சல் வந்தால் எல்லோருடைய நாளும் திரும்ப முதலிலிருந்து. கடைசியில் தோட்டத்து ஆள் வந்து எண்ணி அழைத்துப் போவான்."

லில்லி மொழிபெயர்த்தாள். முதல் இரண்டு வாக்கியங்களைக் கடுகடுப்போடுதான் சொன்னாள். பிறகு அவளை அறியாமல் குரல் தணிந்தது.

"சோறு போட்டாங்களாமா?" என்றாள் ருக்குமணி.

"போட்டார்கள். அரிசி, பருப்பு, கருவாடு. அளந்துதான்."

"யாரு வடிப்பா?"

அங்கேயே அடைபட்டவர்களில் சிலர் என்றார் ஜிஸ்லேன். பிறகு கலியம்மாளைப் பற்றிச் சொன்னார். புதுச்சேரியிலிருந்து கப்பல் ஏறும்போது அவளுக்கு இருபது வயதுக்குள்தான். கூடப் புருஷன் இல்லை. இடுப்பில் ஒரு பெண் குழந்தை. நிலையத்தில் இருந்தபோதே குழந்தைக்கு அம்மை போட்டது. அங்கேயே போய்விட்டது. மதிலுக்கு வெளியே ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. பெயர் எழுதிய கல் அங்கே எதுவும் கிடையாது. கலியம்மாள் தோட்டத்துக்குப் போய், பல வருஷம் கழித்து வேறொருவரோடு வாழ்ந்து பெற்ற பிள்ளைகளின் வழியில் வந்தவர் ஜிஸ்லேன்.

"பார்வையாளர்களை அந்தக் கல்லறைத் தோட்டத்துக்குத் தினமும் கூட்டிப் போகிறேன். பதினோரு வருஷமாக. எல்லாருக்கும் எல்லாவற்றையும் விளக்குகிறேன். கைக்குழந்தையோடு ஒரு பெண் ஏன் தனியாகக் கப்பல் ஏறினாள் என்று யாராவது கேட்டால் மட்டும் எனக்குச் சொல்லத் தெரியாது. இங்கே வந்தால் தெரியும் என்று நினைத்தேன்."

உள்ளே வயர்லெஸ் கரகரத்தது.

"இன்னா காரணம் இருந்திருக்கும்?" என்றாள் ருக்குமணி. "ஊர்ல இருக்க முடியல, போயிருப்பா. நானும் போனவதான்."

அவளும் புருஷனும் கோயம்பேட்டில் வெங்காயம் தரம் பிரிக்கிற வேலைக்குப் போயிருந்தார்கள். கொரோனா வந்தது. லாரியில் தார்ப்பாய்க்கு அடியில் படுத்துத் திரும்பினார்கள். புதுச்சேரி எல்லையில் இறக்கி, ஒரு பள்ளிக்கூடத்தில் ரெண்டு வாரம் வைத்தார்கள்.

"அங்க ஒண்ணும் கொற சொல்றதுக்கில்ல. வேளாவேளைக்குப் பொட்டலம் வந்துச்சு. டாக்டரு தெனம் வந்து பாத்தாரு. நோவு இல்லன்னு சொல்லித்தான் வுட்டாங்க. வூட்டுக்கு வர்றோம், எங்க தெருவுல முள்ளு வெட்டிப் போட்டிருக்காங்க. யாரு? எல்லாம் எங்க ஆளுங்கதான். எங்கூட நாத்து நட்டவளுங்க. அந்தாண்ட நின்னுகினு, போயிடு போயிடுன்னு கத்துறாளுங்க. மூணு நாளு ஏரிக்கரையில இருந்தோம். பள்ளிக்கூடத்துலயே இருந்திருக்கலாம்னு இருந்துச்சு."

லில்லி இதைப் பிரெஞ்சில் சொல்லி முடித்ததும் ஜிஸ்லேன் ருக்குமணியையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை அவருக்குக் கண்ணீர் வரவில்லை.

பெஞ்சின் மறுமுனையிலிருந்து தொண்டையைச் செருமும் சத்தம் வந்தது. தெய்வசிகாமணி.

"அந்தக் கொழந்தைக்கு இன்னா வயசாம்?"

"ரெண்டு இருக்கலாம்னு சொல்றாங்க சார்."

அவர் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுப்பவர் போல் கையை விட்டு, ஒன்றும் எடுக்காமல் வெளியே எடுத்தார். "அந்த நெலம் எங்கப்பாரு வாங்குனது. அப்பவே அதுக்கு அந்தப் பேருதான். எந்தக் கலியம்மான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? ஊருக்குப் பத்து கலியம்மா இருந்திருப்பா. மறைக்கணும்னு ஒண்ணும் இல்ல. சொல்லிடுங்க." கொஞ்சம் விட்டு, "ஆனா நெலத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் கெடையாது. அதையும் சொல்லிடுங்க" என்றார்.

லில்லி இரண்டையும் சொன்னாள். ஜிஸ்லேன் கைகூப்பினார். தெய்வசிகாமணி அவசரமாக எழுந்து, எஸ்.ஐ.யிடம் புகார் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார். வெளி கேட்டில் ஒரு நிமிடம் நின்று திரும்பிப் பார்த்தார். பிறகு போய்விட்டார்.

உணவு இடைவேளையில் சார்லஸ் ஆதார் படத்தை அனுப்பினான். அதன் பிறகும் அந்தப் பக்கம் மூன்று முறை தொடக்கத்துக்கே திரும்பியது. நான்காவது முறை ஏற்றுக்கொண்டது. கலைவேந்தன் கை தட்டினான். ரைட்டர் முறைத்தார்.

*

"சாப்புட்டீங்களா யாராச்சும்?" என்றாள் ருக்குமணி. "மங்கலத்துலதான் எங்க வூடு. கார் இருக்குதே, அஞ்சு நிமிஷம்."

லில்லிக்கு வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது. மறுக்க வாயெடுத்தாள். ஜிஸ்லேன் அதற்குள் ருக்குமணியின் பின்னால் நடந்துகொண்டிருந்தார். மொழி தெரியாதவர் சாப்பாட்டு விஷயத்தை மட்டும் எப்படி இவ்வளவு சரியாகப் புரிந்துகொள்கிறார்!

அரசாங்கம் கட்டிக் கொடுத்த ஒற்றை அறை வீடு. முன்னால் தென்னங்கீற்றுச் சாய்ப்பு. சாய்ப்பின் அடியில் கழுத்தில் அறுந்த கயிற்றோடு ஆடு நின்றுகொண்டிருந்தது.

ருக்குமணி அதைப் பார்த்தாள். "த்தூ, நாயே. உன்னால இன்னிக்கி வேல போச்சு." போலீசுக்கு என்ன சொல்வது என்று லில்லி கேட்டாள். "அவங்க என்னிக்குத் தேடப் போறாங்க? வுடு" என்று உள்ளே போனாள்.

சோறும் காலையில் வைத்த கருவாட்டுக் குழம்பும். ஜிஸ்லேன் தரையில் சம்மணம் போட வராமல் காலை ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டு, கையால் பிசைந்து, இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கலைவேந்தனால் சும்மா இருக்க முடியவில்லை.

"அக்கா, உங்க வம்சத்துல யாராச்சும் கலியம்மான்னு? நல்லா ரோசன பண்ணிப் பாருங்க. இந்தம்மா சாப்புடற ஜாடையப் பாத்தா…"

"வாயக் கழுவு," என்றாள் ருக்குமணி. "நானா எதுக்குச் சொந்தம் கொண்டாடணும்? பசிக்கு வந்தாங்க, போட்டேன். கொழம்பு ஊத்தட்டுமா, வேணாமா?"

கலைவேந்தன் தட்டை நீட்டினான்.

சாப்பிட்டு முடித்ததும் ஜிஸ்லேன் போனை எடுத்தார். பெஞ்சில் சொன்னதை ருக்குமணி இன்னொரு முறை சொல்ல முடியுமா? பதிவு செய்துகொள்கிறேன். எங்கள் நிலையத்தில் ஓர் அறை இருக்கிறது, அங்கே வருகிறவர்கள் கேட்பதற்குக் குரல்களை வைத்திருக்கிறோம். அந்தக் காலத்து ஆட்கள் யாரும் இல்லை. அடைத்து வைக்கப்பட்டவர்களின் பேச்சு எங்களிடம் ஒன்றுகூட இல்லை. இது இருந்தால் வருகிறவர்களுக்குப் புரியும்.

லில்லி சொன்னாள். ருக்குமணி தட்டை எடுத்துக்கொண்டிருந்தவள் நின்றாள்.

"எத?"

"அந்தத் தெருவுல முள்ளு போட்டாங்கன்னு சொன்னீங்களே, அது."

"அதெல்லாம் வேணாம்மா."

"பேரு போடமாட்டாங்க. ஊரு பேரும் வேணாம்."

"பேரு இல்லன்னா மட்டும்? வெளியூர்ல போயி அத எதுக்கு ஒலிபரப்பிக்கினு. முள்ளு போட்டவளோட பொண்ணு வயசுக்கு வந்தப்ப நான்தான் தலைக்குத் தண்ணி ஊத்துனேன். எதிர் வூடு. தோ, கதவு தெறந்திருக்குது பாரு. ஏதோ ஒரு கொடுமைய வாய் தவறிச் சொல்லிட்டேன். சொல்லுங்க அந்தம்மாகிட்ட, போட வேணாம்னு."

லில்லி மொழிபெயர்த்தாள். ஜிஸ்லேன் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் முகம் கடுத்ததை லில்லி இந்த இரண்டு நாட்களில் முதல் தடவையாகப் பார்த்தாள்.

"இதோ பாருங்கள் லில்லி. நேற்றிலிருந்து எத்தனை பேர் என் அத்தை, என் மாமா, என் ரத்தம் என்றார்கள். எல்லாம் பொய் என்று எனக்குத் தெரியாதா? எங்கள் நிலையத்துக்கு வருகிறவர்களும் இப்படித்தான், எல்லாரும் ராஜ வம்சம். நான் தலையாட்டுவேன். நேற்றும் அதைத்தான் செய்தேன். அழுகை தானாக வருகிறது, என்ன செய்ய? ஆனால் எல்லாரும் கேட்காமலே பொய்யை அள்ளித் தருகிறார்கள். ஒரே ஒருத்தி உண்மை பேசினாள். அதை எடுத்துப் போகக் கூடாது என்கிறாள். நான் எதை எடுத்துக்கொண்டு திரும்புவது?"

குரல் உயர்ந்திருந்தது. எதிர் வீட்டு வாசலில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. ருக்குமணி லில்லியைப் பார்த்தாள்.

"இன்னா கோவமா அந்தம்மாவுக்கு?"

இதை எப்படிச் சொல்வது? நேற்றிலிருந்து இருபக்கமும் மாற்றி மாற்றிச் சொல்லி லில்லிக்கு வாய் வலித்தது. பொய் சொல்கிறவர்களின் பொய்யை, அது பொய் என்று தெரிந்தவரிடம் இவ்வளவு அக்கறையாக மொழிபெயர்த்திருக்கிறாள். அந்த ஆத்திரமும் சேர்ந்துகொண்டது. ஆனால் ருக்குமணி கையில் எச்சில் தட்டோடு பதிலுக்காக நின்றாள்.

"கோவம் இல்லக்கா. வெறுங்கையோட போறோமேன்னு சொல்றாங்க."

ருக்குமணி தட்டைக் கீழே வைத்தாள். பிறகு ஜிஸ்லேனின் பக்கத்தில் வந்து குந்தினாள். "அந்தப் புள்ளைக்கு ஒரு கல்லு வெக்கச் சொல்லும்மா," என்று லில்லியிடம் சொன்னாள். "பேரு தெரியலன்னா இன்னா? கலியம்மா பொண்ணுன்னு எழுதலாம் இல்ல?"

ஜிஸ்லேன் போனைப் பைக்குள் வைத்தார். "அதற்கு அனுமதி வாங்க வேண்டும். எங்கள் ஊரிலும் அலுவலகங்கள் இருக்கின்றன" என்றார். லில்லி அதைச் சொன்னபோது ருக்குமணி மட்டும் சிரித்தாள்.

*

மறுநாள் காலை, சென்னை விமான நிலையத்துக்குப் புறப்படும் நேரத்தில், ஒரு கான்ஸ்டபிள் பைக்கில் வந்தார். ஃபார்ம் போட்டிருக்கிறீர்கள், ஆள் நிஜமாகவே இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுப் போக வேண்டுமாம். கிளம்பப் போகிறார் என்று சொன்னாள் லில்லி. கிளம்புவதற்கு முன் பார்த்துவிட்டால் சரிதான் என்றார் அவர்.

ஜிஸ்லேன் பெட்டியோடு வந்து நின்றார். கான்ஸ்டபிள் பாஸ்போர்ட்டைப் புரட்டினார். முகத்தையும் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"நம்ம ஊரு ஆளு மாதிரியே இருக்காங்க."

"ஐயோ, சார், நீங்களுமா?" என்றாள் லில்லி.

அவருக்குப் புரியவில்லை. "இவங்க உங்களுக்கு இன்னா மேடம் ஒறவு?"

உள்ளே சார்லஸ் தன் கட்டிலில் ஒருவழியாகப் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். வாசலில் கலைவேந்தன் கார் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு, என்ன பதில் வருகிறதென்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

"ஒறவு ஒண்ணும் இல்ல. தெரிஞ்சவங்க."

"எவ்ளோ நாளாத் தெரியும்?"

"ரெண்டு நாளா."

கான்ஸ்டபிள் நிமிர்ந்து பார்த்தார். "ரெண்டு நாளு தெரிஞ்சவங்களுக்கா இவ்ளோ அலைச்சல்?" என்று சொல்லிவிட்டு, கொடுத்த காபியை நின்றபடியே குடித்துவிட்டுப் போனார்.

"என்ன கேட்டார்?" என்றார் ஜிஸ்லேன்.

லில்லி சொன்னாள். ஜிஸ்லேன் கொஞ்சம் யோசித்துவிட்டு அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். முதுகில் விழுந்த அந்தப் பிடி நல்ல கனமாக இருந்தது. லில்லிக்கு ஏதோ சொல்லத் தோன்றியது. பிரெஞ்சிலும் வரவில்லை, தமிழிலும் வரவில்லை. "டிராஃபிக் ஆயிடும், மூலக்குளத்துல மாட்டிக்குவீங்க" என்றாள் தமிழிலேயே. அதையும் ஜிஸ்லேன் புரிந்துகொண்டவர் போலத் தலையாட்டிவிட்டுக் காரில் ஏறினார்.

கார் தெருமுனை திரும்பும்வரை நின்றாள். பிறகு உள்ளே போய், சார்லஸைத் தட்டி எழுப்பாமல், துவைக்கப் போட அவனுக்கு அடியிலிருந்து மெத்தை விரிப்பை உருவ முடியுமா என்று பார்த்தாள். முடியவில்லை. ஹாலில் அவன் விரித்துவிட்டு மடிக்காமல் போன பாயிலேயே, ஃபேனை ஐந்தில் வைத்துப் படுத்தாள்.